மூடி பேசும் தகடு: வீட்டில் கட்டும் விமானங்களில் ஆயில் கேன்னிங்

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டெக்சாஸில் இருக்கும் என் கல்லூரி நண்பனிடமிருந்து பதினோரு நொடி வீடியோ ஒன்று வந்தது. மூன்று வருடமாகத் தன் வீட்டு கராஜில் இரண்டு பேர் உட்காரும் ஆர்.வி.7 விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறான். வீடியோவில் முகம் இல்லை. வெள்ளி நிறத் தகடு, அதன் மேல் ஒரு கட்டைவிரல். அழுத்தினால் 'டொக்'. விட்டால் மறுபடி 'டொக்'. கீழே ஒரே வரி: "மாப்ள, 38 ரிவெட். பிடுங்கவா, விடவா?"

நான் விமானப் பொறியாளர் இல்லை. பி.இ. முடித்து இருபது வருடமாக மென்பொருள் வேலை. ஆனால் தகடு, உத்திரம், வளைவு இதெல்லாம் பழைய பைத்தியம் என்பது அவனுக்குத் தெரியும். அந்த ஒரு வரிக்குப் பதில் தேடப் போய் எனக்கு இரண்டு மாதம் ஓடிவிட்டது. அதில் கிடைத்ததுதான் இந்தக் குறிப்பு.

முதலில் அந்தச் சத்தம். இதற்கு 'ஆயில் கேன்னிங்' என்று பெயர். தையல் மிஷினுக்கு எண்ணெய் விடும் சின்ன கேனைப் பார்த்திருப்பீர்கள். அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அமுக்கினால் 'டிக்' என்று உள்ளே போகும், விட்டால் 'டிக்' என்று வெளியே வரும். அதே கதைதான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னும் நல்ல உதாரணம் இருக்கிறது. வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாக் கடைகளில் தகர போட் விற்பார்கள். உள்ளே சின்ன விளக்கு வைத்துத் தண்ணீர்த் தொட்டியில் விட்டால் 'டப டப டப' என்று ஓடும். அந்த 'டப டப' எங்கிருந்து வருகிறது? அதன் குட்டி பாய்லரின் மேல்மூடி மிக மெல்லிய தகடு. உள்ளே நீராவி அழுத்தம் ஏறும்போது மேலே துள்ளும், அழுத்தம் இறங்கும்போது கீழே துள்ளும். போட்டில் அது துள்ளத்தான் வேண்டும். விமானத்தில் துள்ளக் கூடாது.

ஏன் துள்ளுகிறது? நான்கு ஓரமும் பிடிக்கப்பட்ட சட்டத்துக்குள், அந்த இடத்துக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தகடு இருக்கிறது. அதிகப்படித் தகடு போக இடமில்லாமல் ஒரு பக்கமாகப் புடைக்கிறது. இந்தப் பக்கம் புடைத்தாலும் சரி, அந்தப் பக்கம் புடைத்தாலும் சரி, தகட்டுக்கு இரண்டும் வசதியே. நடுவில் தட்டையாக நிற்பதுதான் அதற்குக் கஷ்டம். அதனால் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு ஒரே தாவல்.

எவ்வளவு 'அதிகம்' என்று கணக்குப் போட்டபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 30 செ.மீ. அகலத் தட்டத்தில் நடுவில் 2 மி.மீ. புடைப்பு என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு நன்றாகவே தெரியும் புடைப்பு. அந்த வளைவின் நீளம் நேர்க்கோட்டைவிட எவ்வளவு கூடுதல்? புடைப்பின் வர்க்கத்தை எட்டால் பெருக்கி, அகலத்தின் மும்மடங்கால் வகுக்க வேண்டும். விடை சுமார் 0.036 மி.மீ. தலைமுடியின் தடிமனில் பாதி கூட வராது! அரை முடி அளவு கூடுதல் உலோகம், 2 மி.மீ. மேடாக நம் கண் முன்னால் நிற்கிறது. கையால் துளை போட்டு, கையால் ரிவெட் அடிக்கிற ஒருவன் அரை முடி தவறாமல் வேலை செய்ய முடியுமா? முடியாது. அதனால் வீட்டில் விமானம் கட்டுகிறவர்கள் இந்தச் சத்தத்தை எங்காவது ஓர் இடத்தில் சந்தித்தே தீருவார்கள்.

இதோடு வெயில் சேர்கிறது. அலுமினியம் ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டருக்கு 0.023 மி.மீ. விரியும். அதே 30 செ.மீ. தட்டம் தன் சட்டத்தைவிட 5 டிகிரி கூடுதலாகச் சூடானால் கிடைக்கும் விரிவு 0.035 மி.மீ. அதாவது மேலே சொன்ன அதே அரை முடி. வெளித்தகடு மெல்லிசு, வெயிலில் நேராக இருக்கிறது, சட்டென்று சூடாகிறது. உள்ளே இருக்கும் ரிப், ஸ்ட்ரிங்கர் எல்லாம் நிழலில், தாமதமாகச் சூடாகின்றன. 5 டிகிரி வித்தியாசம் என்பது எங்கள் பள்ளத்தாக்கில் பங்குனி மாதம் காலை எட்டு மணிக்கே வந்துவிடும். தகரக் கூரை வீட்டில் இருந்தவர்களுக்கு இது பழகிய சங்கதி. வெயில் ஏறும்போது ஒருமுறை, பொழுது சாய்ந்ததும் ஒருமுறை, கூரை தானாகவே 'டம்' 'டொம்' என்று பேசும். சின்ன வயசில் பூனை என்று நினைத்திருக்கிறேன்.

இன்னொரு கோணத்திலும் பார்க்கலாம். ஒரு தகட்டை ஓரத்திலிருந்து அமுக்கினால் எந்த அழுத்தத்தில் அது நெளியும் என்பதற்குப் பழைய சூத்திரம் ஒன்று உண்டு. தடிமனை அகலத்தால் வகுத்து, வர்க்கம் எடுத்து, உலோகத்தின் விறைப்பெண்ணாலும் கிட்டத்தட்ட 3.6 என்ற எண்ணாலும் பெருக்க வேண்டும். நண்பனின் தகடு 0.6 மி.மீ., ரிப்களுக்கு நடுவே 20 செ.மீ. இடைவெளி. விடை சதுர செ.மீ.க்கு சுமார் 24 கிலோ. விமானத் தகடான 2024-டி3 கலவை நிரந்தரமாக வளைய ஆரம்பிப்பதே 2,900 கிலோ பக்கத்தில். அதாவது தன் பலத்தில் நூற்றில் ஒரு பங்கு கூட வராத அழுத்தத்துக்கே தகடு நெளிந்துவிடுகிறது. வெப்பக் கணக்கில் சொன்னால் ஒன்றரை டிகிரி. ஓரங்கள் ரிவெட்டில் நன்றாக இறுகியிருந்தால் இன்னும் ஓரிரு டிகிரி தாங்கும், அவ்வளவுதான்.

"அப்படியானால் விமானமே நெளிந்துவிடாதா?" என்று கேட்டால், நெளியும் என்பதுதான் பதில்! பறக்கும்போது பாரம் ஏறினால் மெல்லிய தகடுகள் கோணலாகச் சுருங்குவதும், பாரம் இறங்கினால் பழையபடி ஆவதும் வடிவமைப்பிலேயே அனுமதிக்கப்பட்ட விஷயம். ஹெர்பர்ட் வாக்னர் என்ற ஆஸ்திரியப் பொறியாளர் 1929ல் இதைக் கணக்காக்கிக் காட்டினார். தகடு நெளிந்த பிறகும் வேலையை விடுவதில்லை. மூலைவிட்டமாகக் கயிறு போல இழுத்துப் பிடித்துக்கொண்டு பாரத்தைத் தாங்குகிறது. இந்தக் கண்டுபிடிப்பு இல்லாவிட்டால் இன்றைய உலோக விமானங்கள் இந்த எடையில் கிடையாது. ஆகவே நெளிவு வேறு, ஆயில் கேன்னிங் வேறு. பாரத்தால் வருவது முதலாவது. பாரமே இல்லாமல் தரையில் சும்மா நிற்கும்போதே இருப்பது இரண்டாவது. நண்பன் குழம்பியது இந்த இடத்தில்தான். நானும் முதலில் குழம்பினேன்.

சத்தத்தால் விமானம் உடைந்து விழாது, சரி. பிறகு ஏன் கவலை? களைப்புதான் காரணம். உலோகத்துக்கும் களைப்பு உண்டு. எஃகுக்கு ஓர் அளவுக்குக் கீழே எத்தனை கோடி முறை வளைத்தாலும் விரிசல் விடாத எல்லை இருக்கிறது. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை இல்லை. இரண்டு இதழ் புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2,400 சுற்று சுற்றினால் வால் பக்கத் தகட்டில் நிமிடத்துக்கு 4,800 காற்றடி. ஒரு மணி நேரத்துக்கு 2,88,000. நூறு மணி நேரம் பறந்தால் 2 கோடியே 88 லட்சம். தளர்ந்த தட்டம் ஒவ்வோர் அடிக்கும் துள்ளாது என்றாலும் நடுங்கும். நடுக்கம் போய் முடிகிற இடம் ரிவெட் வரிசையும், ஸ்டிஃப்னரின் நுனியும். விரிசல் அங்கேதான் பிறக்கும். ரிவெட்டைச் சுற்றிக் கறுப்பாகப் புகை படிந்த மாதிரி கோடு தெரிந்தால் அது அசைகிறது என்று அர்த்தம். ஆர்.வி. விமானங்களின் எலிவேட்டரில், பின்விளிம்பின் உள்ளே ஸ்டிஃப்னர் முடியும் இடத்தில் ஒரு சொட்டு சிலிக்கான் ரப்பர் வைக்கச் சொல்வது இந்த நடுக்கத்தை அடக்கத்தான்.

இந்தியாவில் யாராவது இதையெல்லாம் செய்திருக்கிறார்களா என்று கேட்பவர்களுக்கு: செய்திருக்கிறார்கள். மும்பை விமானி அமோல் யாதவ், காந்திவலியில் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டினார். 2016 பிப்ரவரியில் மும்பையில் நடந்த 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் அது நின்றது. 2017ல்தான் பதிவு கிடைத்தது. ஆலப்புழைக்காரரான அசோக் தாமராக்ஷன், கொரோனா ஊரடங்கில் லண்டனில் உட்கார்ந்து தென்னாப்பிரிக்காவின் ஸ்லிங் டி.எஸ்.ஐ. கிட்டை வாங்கி ஒட்டி, 2022ல் குடும்பத்தோடு ஐரோப்பாவைச் சுற்றி வந்தார். அது அலுமினியத் தகடும் ரிவெட்டும்தான். தமிழ்நாட்டிலேயே ஓசூரில் தனேஜா ஏரோஸ்பேஸ் இத்தாலிய பார்த்தெனாவியா பி.68 என்ற உலோக விமானத்தை உரிமம் வாங்கிக் கட்டியது. பெங்களூரில் எச்.ஏ.எல்.லின் எச்.டி.2 பயிற்சி விமானம் 1951 ஆகஸ்டில் பறந்தது, முழுக்க உலோகம். அடுத்து வந்த புஷ்பக் துணி போர்த்தியது. துணிக்கு இந்த நோய் கிடையாது, டோப் பூசினால் தானே சுருங்கி விறைத்துக்கொள்ளும். எனக்கு என்னவோ புஷ்பக் மேல் தனிப் பிரியம், அது வேறு பதிவுக்கு.

சரி, மருந்து என்ன?

படித்தது போதாதென்று நானே ஒரு சோதனை செய்தேன். மதுரையில் அரை மி.மீ. அலுமினியத் தகடும் எல் ஆங்கிளும் வாங்கிவந்து, 60க்கு 40 செ.மீ. சட்டம் மூன்று செய்தேன். கடைத் தகடு மெது, விமானக் கலவை போல் பலம் கிடையாது. ஆனால் நெளிவுச் சூத்திரத்தில் பலம் வருவதே இல்லை, விறைப்புதான் வருகிறது. விறைப்பு எல்லா அலுமினியக் கலவைக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆகவே 'டொக்' சத்தத்தைப் பொறுத்தவரை என் மலிவுத் தகடும் நண்பனின் விலையுயர்ந்த தகடும் ஒன்றுதான்.

முதல் சட்டத்தில் நான்கு மூலையும் முதலில் ரிவெட் அடித்தேன், பிறகு நடுவை நிரப்பினேன். சட்டை பொத்தானை மாற்றிப் போட்ட மாதிரி, கடைசியில் மிச்சம் நடுவில் வந்து நின்றது. கச்சிதமான 'டொக்'. வேண்டுமென்று செய்தாலும் இவ்வளவு நன்றாக வராது. செய்திருக்க வேண்டியது: எல்லாத் துளையிலும் தற்காலிகப் பிடிப்பு போட்டுவிட்டு, நடுவிலிருந்து வெளியே ரிவெட் அடித்துக்கொண்டு போவது. ஒவ்வொரு ரிவெட்டும் துளைக்குள் பருத்துத் தகட்டைத் துளி நகர்த்தும். அந்தத் துளிகளை எல்லாம் திறந்த ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். ரிப் விளிம்பு வளைந்திருந்தாலும் இதே கேடு வரும். வளைவான ரிப்பில் விளிம்பை மடிக்கும்போது ரிப்பே வில் மாதிரி வளைந்துகொள்ளும். விளிம்பில் துளைகளுக்கு நடுவே சின்னச் சின்ன மடிப்பு வைத்து அதை நேராக்குவார்கள். அந்த வேலையைச் சோம்பல்பட்டு விட்டால் துளை வரிசை கோணி, தகட்டையும் இழுத்துக்கொண்டு போகும்.

இரண்டாவது சட்டத்துக்கு ஒரு பழைய தந்திரம். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை மாட்டுவதைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். பட்டையைச் சக்கரத்தைவிடத் துளி சிறியதாகச் செய்து, எரியும் வட்டத்தில் போட்டுப் பழுக்கக் காய்ச்சி, விரிந்ததும் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆறினதும் மரம் முனகும்படி இறுகிவிடும். அதேதான் இங்கும்: தகட்டைச் சூடாக்கி ரிவெட் அடி, ஆறும்போது தானே இழுத்துக்கொள்ளும். பறையைத் தீயில் காட்டுவது போல என்று சிலர் நினைக்கலாம், அது நேர்மாறு. தோல் சூட்டில் சுருங்கி விறைக்கும், தகடு ஆறும்போதுதான் விறைக்கும். பஸ் பாடி கட்டுகிறவர்களும் பக்கவாட்டுத் தகட்டை இழுத்துப் பிடித்து, மின்சாரம் பாய்ச்சிச் சூடாக்கி, அப்படியே வெல்டு வைக்கிறார்கள். புதுப் பஸ்ஸின் பக்கம் கண்ணாடி மாதிரி நெளிவில்லாமல் இருப்பது அதனால்தான்.

நான் சட்டத்தை வீட்டுக்குள்ளும் தகட்டை மொட்டை மாடியிலும் வைத்தேன். மதியம் ஒரு மணி. பளபளப்பான அலுமினியத்தில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் பொய் சொல்லும், அதனால் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதைக் குறிபார்த்தேன். தகடு 58, சட்டம் 33. வித்தியாசம் 25 டிகிரி, பிரமாதம் என்று ஓடிப்போய்ப் பொருத்தினால் துளைகள் ஒத்துவரவில்லை. பிறகுதான் உறைத்தது. 60 செ.மீ. தகடு 25 டிகிரிக்கு 0.35 மி.மீ. நீளும். குளிரில் ஒன்றாகப் போட்ட துளைகள் இரண்டு முனையிலும் 0.17 மி.மீ. விலகியிருக்கும். ரிவெட்டுக்கும் துளைக்கும் நடுவே அவ்வளவு இடமே கிடையாது. பலவந்தமாகத் தள்ளியதில் இரண்டு துளை முட்டை வடிவமாகிவிட்டது. அதற்குள் தகடும் ஆறத் தொடங்கிவிட்டது. மெல்லிய தகடு சில நிமிடம்கூடச் சூட்டை வைத்திருக்காது.

மறுவாரம் 10 டிகிரி வித்தியாசத்தோடு, தகட்டின் மேல் ஒரு விளக்கை எரியவிட்டுக்கொண்டே அடித்தேன். முனையில் விலகல் 0.07 மி.மீ. மட்டும். ஆறிய பிறகு தகட்டில் நிற்கும் இழுவை சதுர செ.மீ.க்கு சுமார் 170 கிலோ. விமானத் தகட்டின் தாங்குசக்திக்கு இது ஒன்றுமே இல்லை. நெளிவைத் தடுக்கவோ ஏராளம். சுண்டினால் 'டிங்' என்றது. 'டொக்' போயே போச்சு.

கேஸ் டார்ச் மட்டும் வேண்டாம். டிங்கர் பட்டறையில் கார் தகட்டைச் சிவக்கச் சூடாக்கி ஈரத்துணி வைத்துச் சுருக்குவார்கள், அது எஃகு. அலுமினியம் சிவக்காது, சிவப்பு தெரியும் என்று காத்திருந்தால் உருகி ஊற்றிவிடும். அதற்கு வெகு முன்பே, 200 டிகிரி தாண்டினாலே விமானக் கலவை தன் பலத்தை இழக்கத் தொடங்கும், வெளியில் ஒரு தடயமும் இருக்காது. தகடு அமைதியாகிவிடும், பலமும் போய்விடும். இந்த ஒரு தவறு உயிரோடு விளையாடுவது.

மூன்றாவது சட்டத்துக்கு யோசனை சொன்னது டிரங்குப் பெட்டி செய்யும் ஒரு பெரியவர். தேனியில் அவர் பட்டறைக்கு ஆங்கிள் வெட்டித்தரக் கேட்டுப் போயிருந்தேன். என் முதல் சட்டத்தை ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, "கோடு போடாம விட்டா மூடி பேசத்தான் செய்யும் தம்பி" என்றார். பெட்டி மூடியில் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும் அந்தப் பள்ளக் கோடுகளை நான் அதுவரை அலங்காரம் என்றுதான் நினைத்திருந்தேன்! செஸ்னா 172ன் இறக்கை ஓரத்து அசையும் பலகைகளில் இருக்கும் வரிவரியான மடிப்பும் அதேதான். ஹ்யூகோ யுங்கர்ஸ் 1919ல் பறக்கவிட்ட எஃப்.13 விமானம் முழுவதையும் நெளிநெளித் தகட்டிலேயே கட்டினார். காற்று இழுவை கூடும்; மூடி பேசாது.

கட்டி முடித்த விமானத்தில் கோடு அழுத்த முடியாது. அதற்குப் பதில் உள்பக்கமாகத் தட்டத்தின் நடுவே ஒரு மெல்லிய எல் ஆங்கிள். சூத்திரத்தை மறுபடி பாருங்கள்: தடிமனை இரட்டிப்பாக்கினாலும் விறைப்பு நான்கு மடங்கு, அகலத்தைப் பாதியாக்கினாலும் நான்கு மடங்கு. தடிமனைக் கூட்டினால் எடையும் இரட்டிப்பு. நடுவில் வைக்கும் ஆங்கிளோ சில கிராம்தான். எரிபொருள் தொட்டிக்குப் பூசும் சீலன்ட் வைத்தே இதை ஒட்டலாம், புதுத் துளை வேண்டாம். ஆங்கிளின் நுனி மட்டும் நட்டநடுத் தகட்டில் திடீரென்று நிற்கக் கூடாது. சரித்து வெட்டி, முடிந்தவரை அடுத்த ரிப் பக்கத்தில் கொண்டுபோய் முடிக்க வேண்டும். இல்லையென்றால் நடுக்கத்தை நாமே ஒரு புள்ளியில் குவித்து வைத்தவர்களாவோம்.

நண்பனுக்கு நான் எழுதிய பதில் சுருக்கமாக இது: பிடுங்காதே. 38 ரிவெட்டைத் துளைத்து எடுத்தால் நாலைந்து துளையாவது பெருக்கும், பெரிய ரிவெட் போட வேண்டிவரும், பெரிய ரிவெட் தகட்டை இன்னும் தள்ளும். முதலில் விடிகாலையிலும் மதியத்திலும் அமுக்கிப் பார்த்து, புடைப்பின் எல்லையைப் பென்சிலால் வரை. காலையில் சத்தம் இல்லாமல் மதியம் மட்டும் வந்தால் பெரிதாகக் கவலைப்படாதே. இரண்டு வேளையும் வந்தால் ஆங்கிள் வை. எதைச் செய்வதற்கு முன்னும் படத்தோடு கிட் கம்பெனிக்கு எழுதிக் கேள், விமானம் என் பிளாக்கை நம்பிப் பறக்கக் கூடாது.

இரண்டு வேளையும் வந்தது. கம்பெனி சரி என்றது. ஆங்கிள் ஒட்டினான். ஆடி கடைசியில் அடுத்த வீடியோ வந்தது, அதே கட்டைவிரல். பழைய இடத்தில் அமுக்கினான், சத்தமே இல்லை. பிறகு விரல் மெதுவாக நகர்ந்து ரிப்பைத் தாண்டி அடுத்த தட்டத்துக்குப் போனது.

'டொக்.'

இம்முறை காலையில் மட்டும் இல்லையாம். பென்சிலால் வரைந்துகொண்டிருக்கிறான்.